மால்டாவுக்கு ஆட்சேபம் உண்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஏணியின் ஆறாவது படியில் நின்றபோது கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில், சுவர்க் கடிகாரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு அதை நிறுத்தியவன் நான்தான். ஐரோப்பிய மலைநாடு ஒன்றில், ஸோச்சா ஆற்றங்கரையில் இருக்கும் இந்த மேல்நிலைப் பள்ளியில் எனக்குப் பராமரிப்பு வேலை. குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கதவு கீச்சிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏகாம்பரம் என்ற பெயரை ஏகோ என்று நறுக்கி இருபத்தொரு வருஷமாகிறது. எனக்கும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது.

கடிகாரத்தை நிறுத்தியது குற்றமா இல்லையா என்று தலைமையாசிரியர் போகோமிர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நன்றாக யோசிக்கட்டும். அதற்குள் நான் இதை எழுதிவிடுகிறேன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

(முதல் தொடக்கம்: "மலைகளின் மடியில் பனி உறங்கிக்கொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமை—" பொய். அன்றைக்குப் பனியே இல்லை. சாக்கடைதான் அடைத்துக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.)

(இரண்டாவது: "ஜனநாயகம் என்பது—" இப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் இரண்டாவது வரிக்கு மேல் படித்ததில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.)

மூன்றாவதுதான் நின்றது. அது இதோ: பிரீனா பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் மால்டா என்று இருந்தது.

2

பெட்டி மிலோய்கா டீச்சருடையது. பழைய செருப்புப் பெட்டி. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய ஜனநாயகம் சொல்லிக்கொடுக்கிற வேலை அவருக்கு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வேட்டை நடத்துவார். வகுப்பை இரண்டாகப் பிரித்து, இந்தப் பாதி எழுதிய சட்டத்தை அந்தப் பாதி திருத்த, அந்தப் பாதி திருத்தியதை இந்தப் பாதி கிழிக்க, ஒரு வாரம் சண்டை போடவிடுவார். "தண்ணில தள்ளாம நீச்சல் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது ஏகோ," என்பார். தள்ளிய தண்ணீரைத் துடைப்பது நான்.

வகுப்பில் சரியாக இருபத்தேழு பேர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருபத்தேழு நாடு. வருஷா வருஷம் வகுப்பில் ஒரு மாதிரி மாநாடு, ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு அட்டைப் பலகை. பலகைகளை அவர் செய்த வருஷம் நாடுகள் இருபத்தெட்டு. பிரிட்டன் கழன்றுகொண்ட பிறகு அந்தப் பலகை கூடத்துக் கதவுக்கு ஆப்பாகிவிட்டது. காற்றுக்குக் கதவு அறையாமல் நன்றாகவே தாங்குகிறது, குறை சொல்வதற்கில்லை.

காஷ்பருக்கு ஜெர்மனி வந்தது. ரொட்டிக் கடைக்காரர் மகன். சீட்டைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. பிரீனாவுக்கு வந்த மால்டா, எல்லாவற்றிலும் சின்னது.

பிரீனா ஸாப்ரெக்கிலிருந்து வருகிறாள். மலைப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அது. அதற்கு மேல் மரம்தான். வகுப்பில் அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. ஒரு தடவை அவள் அலமாரிப் பூட்டைச் சரிசெய்து கொடுத்தபோது "நன்றி" என்றாள். அதோடு சரி.

(இங்கே வாசகர், "ஆகா, ஊமைப் பெண் பேசப்போகிறாள்" என்று முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்வார். உட்காருங்கள். பேசத்தான் போகிறாள். ஆனால் கதை அதில் இல்லை.)

3

இந்த முறை மிலோய்கா விளையாட்டுக்குள் நிஜத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் காலை ஏழரைக்குத் தொடங்குவதை எட்டு மணிக்கு மாற்றலாமா? இதுதான் கேள்வி. போகோமிரிடம் பேசி ஒரு வாக்கும் வாங்கிவிட்டார். வகுப்பு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டால், அதை அவர் பள்ளி நிர்வாகக் குழுவில் வைத்துப் பேசுவார். ஒரே ஒரு நிபந்தனை.

"வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கறதுக்குள்ள முடிவு வரணும்," என்றார் போகோமிர். "மூணு வருஷமா உங்க மாநாடு மணி அடிச்சதும் கலைஞ்சு போச்சு. இந்தத் தடவையும் கலைஞ்சா, அடுத்த வருஷம் வரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்."

கடைசி மணி அடிப்பது இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு.

கூடத்து வெப்பக் குழாய் சொட்டுகிறதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் நான் அங்கே இருந்தேன். ஒன்றரை மணிக்கு மிலோய்கா கேட்டார், யார் யாருக்குச் சம்மதம் என்று. இருபத்தாறு பலகை உயர்ந்தது. அரை மணி கூடுதல் தூக்கம் என்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்? கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மால்டாவுக்கு ஆட்சேபம் உண்டு."

கைதட்டல் நின்றது. காஷ்பர் திரும்பிப் பார்த்தான்.

"மால்டாவா? அது மேப்புல ஈ உக்காந்த மாதிரி இருக்கும். எங்க நாட்டுல எட்டு கோடிப் பேரு. உங்க ஊர்ல எத்தனை? அஞ்சு லட்சமா?"

"சூப்புல ஒரே ஒரு ஈ உக்காந்தாலும் நீ அதைக் குடிக்க மாட்டே," என்றாள் பிரீனா.

வகுப்பு சிரித்துவிட்டது. காஷ்பருக்குக் காது சிவந்தது. அவன் மிலோய்காவிடம் திரும்பினான்.

"மிஸ், பெரும்பான்மை ஓட்டு வெச்சுக்கலாம். பதினஞ்சு நாடு, ஜனத்தொகையில நூத்துக்கு அறுபத்தஞ்சு சேர்ந்தா போதும். போன வாரம் மீன்பிடிச் சட்டத்துக்கு அப்படித்தானே செஞ்சோம்?"

"அது மீனு. இது நம்ம எல்லாரோட பொழுதும். இதுக்கு ஒருமனதா மட்டும்தான்னு விதி போட்டோம். நீயும் கையெழுத்துப் போட்டே, ஜெர்மனி."

"யாரு ஆட்சேபிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்!"

"அதுக்குத்தாண்டா விதி," என்றார் மிலோய்கா.

4

(இந்த இடத்தில் காஷ்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் தடவை எழுதியபோது அவனை வில்லனாக்கியிருந்தேன். வாய்க்கொழுப்பு, வசதியான வீடு, விலை உயர்ந்த செருப்பு. நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் அவன் என் அறைக்கு வந்தான்.

"என்னைப் பத்தி எழுதறீங்களாமே. எப்படி எழுதியிருக்கீங்க?"

"கெட்டவனா."

"ம்ம். தூக்கத்தைப் பத்திப் போட்டீங்களா?"

அப்போதுதான் தெரிந்தது. பையன் நாலு மணிக்கு எழுந்து அப்பாவோடு ரொட்டி வண்டியில் போகிறான். ஏழு மணி வரை வீடு வீடாக இறக்கிவிட்டு, மாவு ஒட்டிய கையோடு ஏழரைக்கு வகுப்பில் உட்கார்கிறான். எட்டு மணிக்குத் தொடங்கினால் குளித்துவிட்டு வரலாம். அவ்வளவுதான் அவன் ஆசை. வில்லனைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கம் வீண்.)

மிலோய்கா மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்கமாட்டேன். ஒன்று ஐம்பதுக்கு அவர் அந்த விதித்தாளை எடுத்துப் பார்த்தார். ஒருமனதாக என்ற சொல்லின் மேல் பேனா முனை ஒரு நிமிஷம் நின்றது. மூன்று வருஷமாகக் கலைந்த மாநாடு. ஒரு கோடு இழுத்தால் இருபத்தாறு பேர் தோளில் தூக்கிக்கொள்வார்கள். அவருடைய கை—

இல்லை, அவர் கோடு இழுக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பையும் மூடினார். குழாய்க்கு அடியில் வைத்திருந்த வாளி நிரம்பி வழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

5

பக்கத்தில் இருந்த இத்தாலி, அதாவது லூச்கா, பிரீனாவின் முழங்கையை இடித்தாள்.

"விட்டுக்குடுத்துடேன்டி. எல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ பாலத்தைத் தாண்டினா வீடு. நடந்தே போற. எனக்கு ரெண்டு பத்து பஸ்."

"அதுக்கு என்ன?"

பிரீனா எழுந்து நின்றாள். பலகையைக் கையில் பிடித்திருந்தாள்.

"எட்டு மணிக்குத் தொடங்கினா ரெண்டு முப்பத்தஞ்சுக்கு முடியும். ரெண்டு பத்து பஸ் போயிருக்கும். அடுத்தது நாலு நாப்பது. டிசம்பர்ல நான் இறங்கறப்ப கும்மிருட்டு. அம்மா தெளிவா சொல்லிட்டாங்க. அந்த பஸ் இல்லேன்னா விடுதில சேத்துடுவேன்னு. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயி ஞாயித்துக்கிழமை திரும்பி வரணும். நீங்க அரை மணி கூடத் தூங்கறதுக்கு நான் வீட்டை விட்டுப் போகணுமா? மாட்டேன். மால்டா மாட்டேங்குது."

இதை நான் எத்தனை அழகாக எழுதிப் பார்த்தாலும் அவள் சொன்ன அளவுக்கு வரவில்லை. சொன்னபடியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பேரம் ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கே அது மாநாடு மாதிரித் தெரிந்தது. ஏழே முக்காலுக்குத் தொடங்கினால்? அப்போதும் பஸ் போயிருக்கும். மதிய இடைவேளையைக் குறைத்தால்? போலந்து ஒத்துக்கொள்ளவில்லை, போலந்துக்குப் பசி அதிகம். மால்டாவை மட்டும் முன்னதாக அனுப்பினால்? "தினமும் அரை மணி கணக்கு வகுப்பு எனக்குப் போகும். அதை யாரு சொல்லித் தருவா?" என்றாள் பிரீனா.

"எங்கப்பா ரொட்டி வண்டில கொண்டு விடுவாரு," என்றான் காஷ்பர்.

"தினமுமா?"

காஷ்பர் யோசித்தான். "...செவ்வாய்க்கிழமை."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை பிரீனாவும் சிரித்தாள். அவளை மடக்குவதை விட்டுவிட்டு, எல்லோரும் அந்த பஸ்ஸை மடக்க வழி தேட ஆரம்பித்திருந்தார்கள்.

மணி இரண்டு மூன்று.

"போச்சு," என்றான் காஷ்பர். "இன்னும் ரெண்டே நிமிஷம்."

மிலோய்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏகோ, ஏணி இருக்கா?"

"இருக்கு."

"பிரஸ்ஸல்ஸ்ல ஒன்றியத்து அமைச்சருங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? கெடு முடியப்போகுது, முடிவு வரலைன்னா கடிகாரத்தை நிறுத்திடுவாங்க. கடிகாரம் ஓடலைன்னா கெடுவும் முடியலைன்னு அர்த்தம். நானா சொல்லலை, நிஜமாவே பண்ணியிருக்காங்க. ஏறுங்க."

ஏறினேன்.

6

(அடிக்குறிப்பு போடவேண்டிய விஷயம்தான், ஆனால் அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. கூடத்துக் கடிகாரம் வெறும் கடிகாரமல்ல. பள்ளி மணி அதன் கம்பியில்தான் தொங்குகிறது. அது நின்றால் மணி அடிக்காது. இருபத்தொரு வருஷம் அதற்கு எண்ணெய் போட்டவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நிமிஷத்தில் மறந்துவிட்டேன், சத்தியமாக. போகோமிர் நம்பாத ஒரே வாக்கியம் இதுதான்.)

மணி அடிக்கவில்லை. மாடியில் வேதியியல் ஆசிரியர் மனம் குளிர்ந்து மேலும் பத்து நிமிஷம் நடத்தினாராம். பிறகு பிள்ளைகளே போனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். கூடத்தில் மட்டும் ஒருவரும் நகரவில்லை. தன் பஸ் போய்விட்டது என்று தெரிந்தும் பிரீனா நகரவில்லை. லூச்கா அவளுக்குத் தன் ஆப்பிளில் பாதியைக் கொடுத்தாள். கரும்பலகையில் ஏழு திட்டம் எழுதி ஏழையும் அழித்திருந்தார்கள்.

அப்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஸ்தானே உள்ளே வந்தார். மலைப் பஸ் ஓட்டுகிறவர்.

"என்னய்யா ஏகோ, மணி கெட்டுப்போச்சா? எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?"

சுவரில் மணி இரண்டு மூன்று. அவர் கையில் இருந்த கடிகாரத்தில் இரண்டு முப்பத்து நாலு.

பிரீனா மெதுவாகக் கேட்டாள். "ஸ்தானே மாமா, பஸ் போகலையா?"

"எப்படிப் போகும்? மணி அடிக்கலையே! உள்ள ஒம்பது பேரு உக்காந்து 'கிளம்புங்க, கிளம்புங்க'ன்னு உசிரை வாங்கறாங்க. மணி அடிக்கட்டும்னு சொல்லிட்டேன். ஸாப்ரெக் பொண்ணும் வரலை. ஆளை விட்டுட்டுப் போறதா?"

"டைம்டேபிள்ல ரெண்டு பத்துன்னு போட்டிருக்கே?"

"பஸ் நிலையத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா? அதோட சாவி தொலைஞ்சே பன்னெண்டு வருஷமாச்சும்மா. அதை யாரு பாத்தா? மணி அடிச்சா கிளம்புவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச டைம்டேபிள்."

காஷ்பர்தான் முதலில் எழுந்தான்.

"தினமும் இந்த நேரத்துக்குக் கிளம்பினா உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

ஸ்தானே தலையைச் சொறிந்தார். "மேலேயிருந்து நான் திரும்பறது மூணே முக்காலுக்கு. அதுவரைக்கும் அங்க உக்காந்து ரெண்டு காபி குடிக்கிறேன். இப்படின்னா ஒண்ணுதான் குடிக்க முடியும். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

கூச்சல் கூரையைப் பிளந்தது. நாற்காலிகள் விழுந்தன. ஸ்வீடன் ருமேனியாவைக் கட்டிப் பிடித்தது. மிலோய்கா மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒருவருக்கும் காதில் விழவில்லை. நான் ஏணியிலிருந்தே விசிலடித்தேன்.

"மால்டா இன்னும் சம்மதிக்கலை," என்றாள் பிரீனா.

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"வாயால சொன்னா போதாது. எழுத்துல வேணும்."

காஷ்பர் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் சிரித்துக்கொண்டேதான். "இவ நெசமாவே மால்டாடா!"

ஸ்தானே சுற்றும் முற்றும் பார்த்தார். காலடியில் கிடந்த கதவு ஆப்பை எடுத்துத் தூசு தட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் கொட்டை எழுத்தில் எழுதினார்: பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கிறதோ அப்போதுதான் மலைப் பஸ் கிளம்பும். கீழே ஒரு கையெழுத்து. ஆப்பு போன கதவு டமாரென்று அறைந்து மூடிக்கொண்டது.

அந்தப் பலகையைத் தீர்மானத்தோடு சேர்த்தார்கள். பிரீனா அதை இரண்டு முறை படித்தாள். "இந்த வாக்கு மாறினா இந்தத் தீர்மானமும் செல்லாதுன்னு ஒரு வரி சேருங்க," என்றாள். காஷ்பரே சேர்த்தான். பிறகு மிலோய்கா நாடு நாடாகக் கூப்பிட்டார். ஆஸ்திரியா, பெல்ஜியம், பல்கேரியா என்று வரிசையாகப் பலகைகள் உயர்ந்தன.

"மால்டா?"

"ஆட்சேபம் இல்லை," என்றாள் பிரீனா. பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.

இருபத்தேழுக்கு இருபத்தேழு. மிலோய்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜலதோஷம் என்றார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

7

அடுத்த வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடிப் பதினொன்றுக்கு இரண்டு என்று அதை ஏற்றுக்கொண்டது. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் போகோமிர். ஆனாலும் தீர்மானத்தை எடுத்துப் போய் வைத்தவரும் அவர்தான், வாக்குச் சுத்தமான மனிதர். பஸ் நிலையக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டை நான் உடைத்துக் கொடுத்தேன். கம்பெனிக்காரர்கள் புது நேரத்தை ஒட்டினார்கள். பிரீனா ஸாப்ரெக்கிலேயே இருக்கிறாள். காஷ்பர் குளித்துவிட்டு வருகிறான், வகுப்பே நிம்மதியாக மூச்சு விடுகிறது.

அப்படியானால் முடிவு வந்துவிட்டதே என்பீர்கள். நடந்ததற்கு வந்துவிட்டது. கதைக்கு வரவில்லை.

மூன்று முடிவு எழுதி, அவர்கள் மொழியில் சொல்லி, வகுப்பிலேயே வாக்கெடுப்புக்கு விட்டேன். என் புத்தி அப்படி.

(அ) வகுப்பே கைதட்ட, பிரீனா ஈரக் கண்ணோடு பஸ் ஏறுகிறாள். "மால்டாவுக்கு ஆட்சேபம் உண்டு. நான் எங்க அழுதேன்?"

(ஆ) காலியான கூடத்தில் மிலோய்கா பலகைகளை அடுக்குகிறார். ஒன்று குறைகிறது. மால்டாவை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். "எடுத்துட்டுப் போனது நெசம்தான்," என்றார் மிலோய்கா. "ஆனா அதை எழுதினா நான் திரும்பக் கேக்க வேண்டியிருக்கும். ஆட்சேபம்."

(இ) ஏணியில் நிற்கும் பராமரிப்பாளன் ஒருவன், காலத்தையே கையில் பிடித்தபடி— "ஏகோ," என்றான் காஷ்பர், "உங்களைப் பத்தி நீங்களே இப்படி எழுதிக்கலாமா?"

ஒன்றுகூட ஒருமனதாகத் தேறவில்லை. கடைசியில் பிரீனாதான் வழி சொன்னாள். "படிக்கிறவங்களுக்கும் ஒரு பலகை குடுங்க. எங்களை மட்டும் கேட்டா எப்படி?"

நியாயம்தான். பழைய இருபத்தெட்டாவது பலகை இப்போது சட்டம் போட்டு மிலோய்காவின் அறையில் தொங்குகிறது. அதனால் அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டிப் புதிதாகச் செய்தேன். அதில் தமிழில் 'வாசகர்' என்று எழுதி, மால்டா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்களை அந்த வெள்ளிக்கிழமையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இருபத்தேழு கையும் உயர்ந்தாயிற்று. பிரீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்தானே வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருக்கிறார். ஆனால் அவர் எழுத்து மூலம் வாக்குக் கொடுத்தவர். மணி அடிக்காமல் பஸ் நகராது. கடிகாரம் ஓடாமல் மணி அடிக்காது. கடிகாரத்து முள் என் விரலுக்கு அடியில் இருக்கிறது.

பலகையைத் தூக்குங்கள், விரலை எடுக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். அவள் மாட்டேன் என்றபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். எனக்குக் கால் கடுக்கிறதுதான். பரவாயில்லை, நிற்கிறேன்.